பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி: கடலின் சூடும் அழுக்கும் அதை என்ன செய்கின்றன?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுள் இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. இத்தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளை அப்பகுதி மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். நீரில் மூழ்கி அவற்றை முதன்முறையாகப் பார்ப்பவருக்குச் சற்று ஏமாற்றம் உண்டாகலாம். நாள்காட்டிப் படங்களில் வரும் ஊதாவும் இளஞ்சிவப்பும் அங்கே அதிகம் கண்ணில் படா. பெரும்பாலான பவளங்கள் பழுப்பாகவோ, மங்கிய மஞ்சளாகவோ, பாசிப்பச்சையாகவோதான் இருக்கும். ஆனால் அந்தப் பழுப்புதான் அவை நலமாக இருக்கின்றன என்பதற்கு அடையாளம். கோடை கடுமையாகும் சில ஆண்டுகளில் அதே பார் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளைவெளேரென்று ஆகிவிடும். பார்ப்பதற்கு அழகாகக்கூடத் தோன்றும் அந்த வெண்மை, பட்டினியின் நிறம். இந்த நிறமாற்றத்துக்குக் காரணம் பவளத்தின் உடலுக்குள் வாழும் ஒரு நுண்பாசி. கடல்நீரின் சூடும் கடலில் கலக்கும் கழிவுகளும் அந்தப் பாசியை எப்படி நிலைகுலையச் செய்கின்றன என்பதை இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. அது ஒரு விலங்கு. இன்னும் சரியாகச் சொன்னால், ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் குடியிருப்பு. பாலிப் எனப்படும் ஒவ்வொரு விலங்கும் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சிறு பை. அதன் மேற்புறத்தில் ஒரு வாயும், வாயைச் சுற்றி இரை பிடிக்கும் உணர்கொம்புகளும் உண்டு. சொறிமீனும் கடல் அனிமோனும் அதற்கு நெருங்கிய உறவினர்கள். கடல்நீரில் கரைந்திருக்கும் பொருள்களைக் கொண்டு தனக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போவதுதான் பாலிப்பின் வாழ்நாள் வேலை. அந்தக் கூடுகள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துதான் பாறையாகின்றன. நவரத்தினங்களுள் ஒன்றாக மோதிரத்தில் பதிக்கப்படும் சிவப்புப் பவளம் வேறு இனத்தைச் சேர்ந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மத்தியதரைக் கடலின் மங்கிய வெளிச்சத்தில் வளரும் அந்தப் பவளத்தின் உடலில் நாம் பேசப்போகும் பாசி கிடையாது. வெயில் விழும் ஆழமற்ற கடலில் பாறை கட்டும் பவளங்களுக்கே அந்தப் பாசி உயிர்நாடியாக இருக்கிறது.

சூசாந்தெல்லே என்று பாடநூல்களில் குறிப்பிடப்படும் இந்தப் பாசி ஒரே செல்லால் ஆனது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அது பவளத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பாலிப்பின் உட்புறத் தோலிலுள்ள செல்களுக்குள்ளேயே, ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள் அது குடியிருக்கிறது. நலமான பவளத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாசிச் செல்கள் இருக்கும். பாலிப்பின் சதை பெரும்பாலும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியது. நாம் காணும் பழுப்பு நிறம் பாசியின் நிறமிகளிலிருந்து வருவது.

இருவருக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலை இப்படிப் புரிந்துகொள்ளலாம். பாசி சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை முதலான சத்துகளைத் தயாரித்து, அவற்றின் பெரும்பகுதியை, சில நேரங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலாக, தான் குடியிருக்கும் விலங்குக்கே விட்டுக்கொடுக்கிறது. பவளம் மூச்சாக வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும், அதன் கழிவாக வரும் அம்மோனியத்தையும், பாஸ்பேட்டையும் பாசி எடுத்துக்கொள்கிறது. அதோடு, மேய்ந்து தின்பவர்களிடமிருந்து பாதுகாப்பும், வெளிச்சத்தில் நிலையான இருப்பிடமும் அதற்குக் கிடைக்கின்றன. வெப்பமண்டலக் கடல்நீர் தெளிவாக இருப்பதற்குக் காரணமே அதில் சத்து மிகக் குறைவு என்பதுதான். அப்படிப்பட்ட வறண்ட நீரில் இவ்வளவு செழிப்பான பாறைகள் எழ முடிவது, ஒருவர் கழிவை மற்றவர் உணவாக்கிக்கொள்ளும் இந்த உறவால்தான். சுண்ணாம்புக் கூடு கட்டும் வேலைகூட இரவைவிடப் பகலில், பாசி உழைக்கும் நேரத்தில், சில மடங்கு விரைவாக நடக்கிறது.

இந்த உறவில் ஒரு நுட்பத்தை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மாசின் கதை முழுவதும் அதைச் சுற்றியே அமைகிறது. பவளம் பாசிக்கு நைட்ரஜனைத் தாராளமாகக் கொடுப்பதில்லை, அளந்தே கொடுக்கிறது. நைட்ரஜன் போதாமையால் பாசி வேகமாகப் பெருக முடிவதில்லை; தான் தயாரித்த சர்க்கரையைத் தன் இனப்பெருக்கத்துக்குச் செலவிட வழியில்லாததால்தான் அது உபரியை வீட்டுக்காரருக்குத் தருகிறது. அன்பினால் நடக்கும் உறவு என்று இதை நாம் கற்பனை செய்துகொள்ளத் தேவையில்லை. அளவோடு கூடிய கட்டுப்பாடு கலையாத வரையில் இருவரும் வாழ்கிறார்கள்.

சூடு இந்த உறவைக் குலைக்கும் என்பது புதிய செய்தி அன்று. 1928–29இல் மாரிஸ் யோங் தலைமையில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஆய்வுக் குழு, அங்குள்ள லோ தீவுகளில் தங்கியிருந்தபோதே, நீர் சூடானால் பவளங்கள் தம் பாசிகளை வெளியேற்றுவதைக் கண்டு பதிவு செய்தது. அன்று அது சில குளங்களில் காணப்பட்ட விந்தை. இன்று பெருங்கடல்கள் முழுவதும் ஒரே பருவத்தில் நடக்கும் நிகழ்வு.

சூட்டில் பாசிக்குள் என்ன நடக்கிறது? ஓர் ஏரியை நினைத்துக்கொள்வோம். மழைநீர் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்கிறது. மதகு வழியாக மறுபக்கம் வயலுக்குப் பாய்கிறது. வரத்தும் போக்கும் ஒத்திருக்கும்வரை கரைக்கு ஆபத்தில்லை. பாசியின் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பகுதியான பசுங்கணிகத்தில் வரத்து என்பது ஒளி; மதகு என்பது அந்த ஒளியின் ஆற்றலைக் கொண்டு கார்பனைச் சர்க்கரையாக மாற்றும் வேதிவினைகள். நீரின் சூடு கூடும்போது அந்த வேதிவினைகளை நடத்தும் நொதிகள் தடுமாறுகின்றன, மதகு அடைபடுகிறது. ஆனால் வெயில் குறையவில்லை; வரத்து அப்படியே இருக்கிறது. வடிய வழியில்லாத ஆற்றல் பசுங்கணிகத்திலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளின் மேல் ஏறி, அவற்றைச் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க வடிவங்களாக மாற்றிவிடுகிறது. அவை அருகில் உள்ள புரதம், சவ்வு, மரபுப்பொருள் எதுவாயினும் தாக்கிச் சிதைக்கக்கூடியவை. ஒளியைப் பிடிக்கும் அமைப்பில் டி1 என்றொரு புரதம் இருக்கிறது. அது வெயிலில் எப்போதுமே பழுதாகிக்கொண்டும், உடனுக்குடன் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கும். சூட்டில் அந்தப் புதுப்பிப்பும் மந்தமாகிவிடுவதால், கரை உடைவது ஒருபுறமிருக்க, உடைந்த இடத்தை அடைக்க ஆளும் இல்லை என்ற நிலை உண்டாகிறது.

சூடும் ஒளியும் சேர்ந்தே கேடு செய்கின்றன என்பதற்குக் கடலுக்குள்ளேயே சான்று கிடைக்கும். ஒரே பவளத்தில் வெயில் நேராக விழும் மேற்புறம் வெளுத்திருக்க, நிழல் பட்ட அடிப்புறம் பழுப்பாகவே இருப்பதைப் பார்க்க முடியும். காற்றின்றி, அலையின்றி, மேகமின்றிக் கடல் கண்ணாடிபோலக் கிடக்கும் நாள்கள் பவளங்களுக்கு மிகக் கொடியவை. நீர் ஆறுவதும் இல்லை, ஒளி சிதறுவதும் இல்லை.

பாசிக்குள் உண்டாகும் நச்சு ஆக்சிஜன் வடிவங்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சவ்வுகளைக் கடந்து பவளத்தின் செல்லுக்குள்ளும் கசிகின்றன. நேற்றுவரை சோறு போட்ட கூட்டாளி இப்போது நஞ்சின் ஊற்றாகிவிடுகிறது. பவளத்தின் செல் பாசியைச் செரித்துவிடலாம், வெளியே தள்ளிவிடலாம், அல்லது பாசியோடு சேர்ந்து தானும் உதிர்ந்துவிடலாம்; எந்த வழியில் நடந்தாலும் முடிவு ஒன்றுதான். நிறம் போகிறது, சதை கண்ணாடியாகிறது, அதன் வழியே வெண்மையான சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதைத்தான் பவளம் வெளுத்தல் என்கிறோம். வெளுத்த பவளம் செத்த பவளம் அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலிப்புகள் உயிரோடுதான் இருக்கும். சேமிப்பிலுள்ள கொழுப்பைக் கரைத்தும், இரவில் உணர்கொம்புகளால் மிதவை உயிர்களைப் பிடித்தும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் நீர் குளிர்ந்தால், உடலில் எஞ்சியிருக்கும் சிறிதளவு பாசி மீண்டும் பெருகி நிறம் திரும்பும். குளிராவிட்டால் பட்டினியாலும் நோயாலும் சாவு வரும்.

எவ்வளவு சூடு என்றால் ஆபத்து? இதற்கு எல்லாக் கடலுக்கும் பொதுவான ஒரு டிகிரி கணக்கு இல்லை. பாரசீக வளைகுடாவின் தென்பகுதியில் 35 டிகிரி செல்சியஸ் கோடையைத் தாங்கும் பவளங்கள் உண்டு. மற்ற கடல்களின் பவளங்கள் அதில் பிழைக்க மாட்டா. ஒவ்வோர் இடத்திலும் ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்கு வழக்கமான சராசரி வெப்பநிலை என ஒன்று இருக்கும். அதைவிட 1 டிகிரி கூடுதலாகி, அந்த நிலை சில வாரங்கள் நீடித்தாலே வெளுத்தல் தொடங்கிவிடும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு இந்தச் சூட்டை வாரக் கணக்கில் கூட்டிவருகிறது. வழக்கமான உச்சத்தைவிட 2 டிகிரி கூடுதலாக 2 வாரம் இருந்தால் 4 என்று கணக்கு. 4 அலகை எட்டினால் குறிப்பிடத்தக்க அளவில் வெளுக்கும், 8 ஆனால் பரவலாகச் சாவும் தொடங்கும். உலகளாவிய வெளுத்தல் 1998, 2010, 2014–17 ஆகிய காலங்களில் நேர்ந்தது. நான்காவது நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. பெருந்தடுப்புப் பவளத்திட்டு 1998, 2002 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் 2016, 2017, 2020, 2022, 2024 என்று வெளுத்திருக்கிறது. எண்களைவிட அவற்றுக்கிடையிலான இடைவெளியே என்னைக் கலங்க வைக்கிறது. கிளைப்பவளத் தோப்பு ஒன்று அழிந்து மீண்டும் வளர ஏறக்குறைய 10 ஆண்டுகளாவது தேவை.

இனி மாசு. கடல் சூடாவதற்குக் காரணம் உலகம் முழுவதும் எரிக்கப்படும் எரிபொருள்; ஒரு கரையோரத்து ஊர் தனியாக அதை நிறுத்திவிட முடியாது. எனவே உள்ளூர்க் கழிவைப் பற்றிப் பேசுவது சிறிய பேச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து, ஏனென்றால் பாசி எந்தச் சூட்டில் நிலைகுலையும் என்பதைத் தீர்மானிப்பதில் அது வாழும் நீரின் தூய்மைக்கும் பங்கு உண்டு.

வயலில் மிகுதியாகும் உரமும், ஊர்ச் சாக்கடையும் கடலுக்குக் கொண்டுவருவது முதன்மையாக நைட்ரஜன். பவளம் அளந்து கொடுத்துவந்த அதே பொருள் இப்போது வெளியிலிருந்து கட்டுப்பாடின்றி வருகிறது. பாசி பெருகத் தொடங்குகிறது. தயாரித்த சர்க்கரையைத் தனக்கே செலவிட்டுக்கொள்கிறது. பவளத்துக்குப் போகும் பங்கு குறைகிறது. பார்வைக்குப் பவளம் முன்னைவிடக் கரும்பழுப்பாக, செழித்ததுபோலத் தெரியும். வேறு உரமின்றி யூரியாவை மட்டும் அள்ளிக் கொட்டிய நெற்பயிரை உழவர்கள் அறிவார்கள். கருகருவென்று வளரும், பூச்சி முதலில் அதைத்தான் பிடிக்கும், ஒரு காற்றுக்குத் தாங்காமல் சாய்ந்துவிடும். பாசிக்கும் ஏறத்தாழ அதுவே நேர்கிறது. நைட்ரேட் மிகுந்து அதற்கேற்ற பாஸ்பரஸ் இல்லாதபோது, பெருகிவிட்ட பாசிக்குப் பாஸ்பரஸ் பற்றாக்குறை உண்டாகிறது. பசுங்கணிகத்தின் சவ்வுகளில் பாஸ்பரஸ் கொண்ட கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகம் கொண்ட கொழுப்பை வைத்து அது ஒப்பேற்றுகிறது. இத்தகைய பவளங்கள் மற்றவை தாங்கிக்கொள்ளும் சூட்டிலும் ஒளியிலும் வெளுத்துவிடுகின்றன என்பதை, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மீன்கள் பவளத்தருகே வெளியேற்றும் கழிவிலும் நைட்ரஜன் உண்டே என்று கேட்கலாம். அதில் பாஸ்பரசும் சேர்ந்தே வருவதால் அது பாசியை ஊட்டுகிறதே தவிரக் கெடுப்பதில்லை. கேடு விளைவிப்பது நைட்ரஜனின் அளவு மட்டுமன்று, இரண்டுக்கும் இடையிலான விகிதம் குலைவதும்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடலோரத்திலுள்ள லூ கீ என்ற பவளத்திட்டில் இதை முப்பது ஆண்டு அளவீடுகளில் காண முடிகிறது. 1984இல் அங்கே உயிருள்ள பவளங்களின் பரப்பு ஏறத்தாழ 33 விழுக்காடு. 2008இல் அது 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. நிலத்திலிருந்து வந்த நைட்ரஜன் கூடிக்கொண்டே போக, பாஸ்பரசுக்கும் அதற்குமான விகிதம் ஏறிய காலமும் அதுவே. வெப்ப உச்சங்கள் அங்கே பவளங்களைக் கொன்றன என்பது உண்மை. ஆனால் அந்த உச்சங்கள் வருமுன்பே அவை மெலிந்திருந்தன.

வண்டல் வேறு விதமாக வேலை செய்கிறது. ஆற்று வெள்ளமும் கரைக் கட்டுமானமும் கொண்டுவரும் மண் பவளத்தின் மேல் படியும்போது, அதைத் தள்ளிவிடப் பவளம் வழவழப்பான சளியைச் சுரக்க வேண்டும். பாசி கொடுக்கும் உணவில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். கலங்கல் ஒளியையும் குறைத்துப் பாசியைப் பட்டினி போடும். நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கொளுத்தும் கோடையில் மிதமான கலங்கல் குடைபோல இருந்து வெளுத்தலைக் குறைப்பதும் உண்டு. ஆனால் அந்த நிழலை நம்பி ஆண்டு முழுவதும் வண்டலில் வாழ எல்லாப் பவளங்களாலும் முடியாது.

டையூரான் போன்ற களைக்கொல்லிகள் இன்னும் நேரடியானவை. களையின் ஒளிச்சேர்க்கையை நிறுத்துவதற்காகவே உருவாக்கப்பட்ட அந்த வேதிப்பொருள், கரும்பு வயலிலிருந்து ஆற்று வழியாகக் கடலுக்கு வந்தாலும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாசியின் ஒளி பிடிக்கும் அமைப்பில் போய் உட்கார்ந்து, முன்னே சொன்ன மதகைச் சூடில்லாமலேயே அடைத்துவிடுகிறது. ஆக்சிபென்சோன் என்ற வெயில்காப்புக் களிம்புப் பொருளைப் பற்றி 2022இல் வெளியான ஓர் ஆய்வும் இங்கே கவனத்துக்குரியது. பவளத்தின் உறவினமான கடல் அனிமோன், இந்தப் பொருளோடு குளுக்கோசை ஒட்டி அதை வெளியேற்ற முயலும்போது, ஒளியைத் தடுத்துவந்த பொருள் ஒளி பட்டால் நஞ்சாகும் பொருளாக மாறிவிடுகிறது. அந்த நஞ்சின் ஒரு பகுதியைக் கூட்டாளிப் பாசி தனக்குள் வாங்கிக்கொள்வதால், பாசி உள்ள அனிமோன்கள் பாசி இழந்தவற்றைவிடக் கூடுதல் நாள் பிழைத்தன. சூட்டில் வெளுத்த உயிருக்கு மாசையும் தாங்க முடியாமல் போகிறது என்பதே இதன் பொருள். பசிபிக் தீவு நாடான பலாவு 2020 முதலும், ஹவாய் 2021 முதலும் இப்பொருள் கொண்ட களிம்புகளின் விற்பனையைத் தடை செய்துள்ளன. களிம்பு பற்றிய பேச்சு செய்திகளில் பெரிதாக அடிபடுகிறது. சாக்கடையோடும் உரத்தோடும் ஒப்பிட்டால் அது சிறிய பங்குதான் என்று கருதுகிறேன்.

மன்னார் வளைகுடாவில் ஒளி மறைக்கப்படுவதற்கு இன்னொரு வழியும் ஏற்பட்டது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுக் கடற்பாசியான கப்பாஃபைகஸ், குருசடைத் தீவின் பவளங்கள் மேல் போர்வைபோலப் படர்ந்திருப்பது 2008இல் கண்டறியப்பட்டது. அதன் கீழ் மூடப்பட்ட பவளத்தின் நுண்பாசிக்கு வெயில் எட்டுவதில்லை. 2019 செப்டம்பரில் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, நீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்களோடு பவளங்களும் செத்தன. பவளத்துக்குள் வாழும் பாசி எந்தப் பெருங்கூட்டத்தைச் சேர்ந்ததோ, அதே டைனோஃபிளாஜெல்லேட் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் நாக்டிலூக்காவும்.

பவளத்துக்குள் வாழும் பாசிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. சூட்டைத் தாங்கும் டுரூஸ்டினியம் போன்ற வகைகள் உண்டு. வெளுத்து மீளும் சில பவளங்களில் இவற்றின் பங்கு கூடுகிறது, அதனால் அவை ஏறத்தாழ 1 முதல் 1.5 டிகிரி வரை கூடுதலாகத் தாங்குகின்றன. ஆயினும் இந்தப் பாசிகள் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் பங்கு குறைவு. பவளத்தின் வளர்ச்சி மெதுவாகிறது. பாசியை மாற்றிக்கொண்டு பவளங்கள் தாமே தப்பித்துவிடும் என்று நம்பியிருக்க இது போதாது.

2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் நடந்ததை, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் நீருக்குள் இறங்கி அளந்திருக்கிறார்கள். உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகச் சில மாதங்களில் குறைந்தது. அக்ரோபோரா, மான்டிபோரா, போசில்லோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்களே பெருமளவில் மாண்டன. உருண்டைப் பாறையாக மெதுவாக வளரும் போரைட்டிஸ் வெளுத்தாலும் பெரும்பாலும் மீண்டது. ஏப்ரலில் தொடங்கும் இந்த வெளுத்தல், தென்மேற்குக் காற்று வலுத்து நீர் குளிரும்போதுதான் நிற்கிறது.

செத்த கிளைகளின் இடத்தில் புதிய பவளம் தோன்ற வேண்டுமானால், முட்டையிலிருந்து வரும் இளம்புழு வெறுங்கல்லைத் தேடி ஒட்ட வேண்டும். பாசிப்படலமும் வண்டலும் மூடிய கல்லில் அது ஒட்டாது. அக்ரோபோரா போன்ற பெரும்பாலான பவளங்களின் இளம்புழு தாயிடமிருந்து பாசியைப் பெற்று வருவதில்லை. ஒட்டிய இடத்தில், தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே தன் கூட்டாளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவில் அக்ரோபோரா முட்டையிடுவது மார்ச் மாதத்தில். அந்தக் குஞ்சு கல்லில் ஒட்டித் தன் முதல் பாசிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே ஏப்ரல் வெயில் வந்துவிடுகிறது.